பக்கத்தில் தூண்டில் போடுபவரிடம் எதைக் கற்பது, எதை விடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டுப் பாலத்தருகே தனியாக, கைத்தூண்டிலும் உயிர் இறாலுமாக மீன் பிடித்து வந்திருக்கிறீர்கள். சில மாதங்களுக்கு முன் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழுவோடு சேர்ந்தீர்கள். அதன்பின் ராட் (தூண்டில் கோல்), ரீல், நரம்பு (தூண்டில் கயிறு), இரை, போகும் இடம், போகும் நேரம், பிடித்த மீனைத் திரும்ப விடுவது என எல்லாமே மாறிவிட்டன. ஆனால் முன்பைவிடக் கூடுதலாக மீன் கிடைத்ததாகத் தெரியவில்லை. குழுவின் மூத்தவரோ உயிர் இரையைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். ‘நான் கற்றுக்கொள்கிறேனா, என் முறையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேனா, விலகிவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். விலகுவதா இருப்பதா என்பது இதில் சிறிய பகுதி என்றே எனக்குப் படுகிறது. பக்கத்தில் நிற்பவரால் நம் கை மாறுவதை யாராலும் தடுக்க முடியாது. அப்படி வரும் மாற்றங்களில் எது அறிவு, எது வெறுமனே ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதையே நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மீன்வளம் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணூர் முதல் கோவளம் வரை கரையிலும் முகத்துவாரங்களிலும் தூண்டில் போட்டு வருகிறேன். படகேறி ஆழ்கடலில் பிடிப்பவர்களின் உலகம் வேறு. நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்திவிடக் கூடாது. மனித நடத்தையைப் பற்றிச் சில ஆய்வுகளை இடையிடையே குறிப்பிடுவேன். அவற்றைப் படித்துக் கரையில் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன், உளவியல் கற்றவனாக அல்ல.

கூட்டாளிகளால் முதலில் மாறுவது சாமான். அது கண்ணுக்குத் தெரியும், கடையில் கிடைக்கும், ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆனால் நீண்ட நாள் நிலைப்பது வேறொன்று: தண்ணீரைப் பார்க்கும்போது நம் கவனம் எங்கே போகிறது என்பதும், மீன் கிடைக்காத நாளுக்கு நாம் எதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்பதும், எப்போது போதும் என்று எழுந்திருக்கிறோம் என்பதும். இவை மூன்றும் நமக்குத் தெரியாமலேயே பக்கத்தில் நிற்பவரிடமிருந்து நமக்கு வந்துவிடுகின்றன. உங்கள் குழுவால் உங்கள் ரீல் மாறியது பற்றி நான் கவலைப்பட மாட்டேன். தண்ணீரை நீங்கள் பார்க்கும் விதம் கூர்மையாகியிருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்பதையே கேட்பேன்.

இதற்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். சீனிவாசபுரத்தை ஒட்டி, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், ஒரு முதியவர் கைத்தூண்டில் போடுவார். நரம்பை அவர் பிடிப்பதில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு மேல் அதைக் கிடத்தி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு சாண் தொய்வு விட்டிருப்பார். நண்டு இறாலைக் கிள்ளும்போது நரம்பு மெதுவாக, விட்டுவிட்டு நகரும், அவர் அசையமாட்டார். கெளுத்தி எடுத்தால் உதறல் வரும். கொடுவா எடுத்தால் ஒரே இடி, உடனே ஓட்டம். அந்த ஒரு சாண் தொய்வு தீரும் நேரத்தில் அவர் மணிக்கட்டு திரும்பியிருக்கும். இவ்வளவும் அருகில் உட்கார்ந்த எவரும் பார்க்கக்கூடியதுதான். ஆனால் அவரிடம் நான் உண்மையில் பெற்றது, அவர் தூண்டில் போடாமல் இருந்த நேரங்களில். வந்ததும் இரையைக் கோக்கமாட்டார். மணல்திட்டின் நுனியில் நின்று, மடவைக் குட்டிகள் கரையோரம் ஒதுங்கி நெருக்கமாக ஓடுகின்றனவா, அல்லது பரந்து மேய்கின்றனவா என்று பார்ப்பார். ஒதுங்கி ஓடினால் அவற்றுக்கு வெளியே ஏதோ ஒன்று திரிகிறது. பரந்து மேய்ந்தால் அங்கே பெரிய மீன் எதுவும் இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தும், தண்ணீருக்கு முன் நின்றவுடன் நான் முதலில் மடவையைத் தேடுவது அவரால்தான்.

இதற்கு நேர்மாறானது, இப்போது மீன் பிடித்தவரைப் பார்த்து நாமும் அதையே செய்வது. பக்கத்தில் ஒருவர் பச்சை நிற லூரில் (செயற்கை இரையில்) ஒரு செப்பிலி மீனைத் தூக்கிவிட்டால், பத்து நிமிடத்தில் அந்தக் கரை முழுவதும் பச்சையாகிவிடும். இது மிக இயல்பானது. ஆனால் கற்றலின் மிகப் பலவீனமான வகையும் இதுவே. ஒரு மீன் கடிப்பதற்குப் பின்னால் நீரோட்டம், வெளிச்சம், தண்ணீரின் கலங்கல், அந்த மீனின் பசி, லூர் விழுந்த இடம், அது சென்ற ஆழம் என எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது நிறம் மட்டுமே என்பதால் நிறத்துக்கே பெருமை போய்ச் சேர்கிறது. 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி செய்தார். தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று தலையை ஆட்டியது. அவர் தந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அரிதாகவும் எதிர்பாராமலும் பலன் கிடைக்கும் வேலைகளில் தற்செயலானதைக் காரணமாகப் பிடித்துக்கொள்ளும் இயல்பு மனிதருக்கும் உண்டு என்பதில் ஐயமில்லை, தூண்டிலைப்போல் அரிதாகவும் எதிர்பாராமலும் பலன் தரும் வேலையும் குறைவு. ஆகவே நண்பர் ஒருவர் மீனைத் தூக்கும்போது அவர் கையில் இருக்கும் லூரைப் பார்க்காமல், அவர் எங்கே எறிந்தார், எவ்வளவு நேரம் அதை மூழ்க விட்டார், எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார் என்று கேளுங்கள்.

கூட்டாளிகளிடமிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு, ஏனென்றால் அவற்றின் காரணம் தெளிவானது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவை சரியானவை. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைக்கவேண்டும், இல்லையென்றால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழக்கும். பல இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்டு நரம்பு வழுவழுப்பானது, ஆகவே நைலானுக்குப் போடும் சாதாரண முடிச்சு அதில் நழுவும். பிரெய்டு நீளாது, ஆகவே சிறு கொத்தும் கைக்குத் தெரியும். அதே காரணத்தால் பெரிய மீனின் திடீர் உதறலில் முள் பிய்த்துக்கொண்டு போகவும் கூடும், ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது அதனால்தான். பாலத்தூணின் பின்புறம், அதாவது ஓட்டம் போகும் பக்கம், தண்ணீர் மந்தமாக இருக்கும். கொடுவாவும் செப்பிலியும் அங்கே பதுங்கி, ஓட்டத்தோடு அடித்து வரும் இறாலையும் சிறுமீனையும் மறிக்கும். இவற்றையெல்லாம் தனியாக நின்று கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; நல்ல கூட்டாளி ஒரு மாலையில் தந்துவிடுவார். நீங்கள் குழுவில் சேர்ந்தபின் முடிச்சு அவிழ்ந்து மீன் போவது குறைந்திருக்கிறது என்று உங்கள் கேள்வியிலேயே எழுதியிருந்தீர்கள். அது கற்றலேதான், மீன்களின் எண்ணிக்கையில் அது உடனே தெரியாமல் இருக்கலாம்.

ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முட்டுக்காட்டில் பெரும்பாலான குழுக்கள் இதில் ஒருவரை ஒருவர் தவறான பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் நகரும்போது மீன் மேயும், நின்றுவிட்டால் மந்தமாகும் என்பது முகத்துவார மீன்பிடிப்பில் ஏறக்குறைய உறுதியான விஷயம். அதனால் எல்லோரும் கைப்பேசியில் சென்னைத் துறைமுகத்தின் ஓத நேரத்தைப் பார்த்து வந்து சேர்கிறார்கள். ஆனால் சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்திலேயே கடல்மட்டம் ஏறி இறங்குவது சுமார் 1 மீட்டர் அளவுதான். அந்தச் சிறிய ஏற்றம் ஒரு குறுகிய வாய் வழியாகக் காயலுக்குள் வரும்போது தாமதமாகும், குறையவும் செய்யும். எவ்வளவு தாமதம் என்பது மணல் அந்த மாதத்தில் வாயை எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோடையில் மணல்திட்டு வாயை முழுதாக மூடிவிட்டால் உள்ளே ஓதமே இல்லை, கைப்பேசி எதைக் காட்டினாலும். பாலத்தருகே வீச்சு வலை போடுபவர்களைப் பாருங்கள்; அவர்கள் மணியைப் பார்ப்பதில்லை. தூணருகே நுரையும் சருகும் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்கிறார்கள். உங்கள் குழுவில் ஆறு பேரும் ஒரே செயலியை நம்புகிறார்கள் என்றால், நீங்கள் ஒருவராவது நுரையைப் பாருங்கள்.

இனி ஐயத்துக்குரியவை. கலங்கிய நீரில் லூரின் நிறம் எவ்வளவு முக்கியம் என்பது தீர்ந்த விஷயம் அல்ல. கொடுவாவுக்கு நல்ல பார்வை உண்டு, ஆனால் மழைக்குப்பின் அடையாற்றில் ஒரு சாண் ஆழத்தில் நம் கையே தெரியாது, அங்கே அதிர்வும் நிழலுருவும் நிறத்தைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். முள்ளுக்கு அருகே கட்டும் ஃப்ளூரோகார்பன் லீடர் நரம்பு நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது 1.53 அளவில், ஆகவே நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமானது என்பது உண்மை, கண்ணுக்குத் தெரியாது என்பது மிகை. நம் ஊர்க் கலங்கலில் அந்த வேறுபாட்டை மீன் பொருட்படுத்துகிறதா என்பது இன்னும் தெளிவாகாதது. உராய்வைத் தாங்கும் என்பதற்காக அதை வாங்கினால் அது வேறு கணக்கு. நிலவின் நிலையை வைத்து ‘மீன் மேயும் நேரம்’ காட்டும் அட்டவணைகள் இன்னொன்று. அமெரிக்கரான ஜான் ஆல்டன் நைட் 1926இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தவை அவை. இன்றைய செயலிகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை. நிலவால் ஓதம் மாறுகிறது, ஓதத்தால் மீன் மாறுகிறது என்ற அளவுக்கு அதை ஏற்கலாம். அதற்கு மேல் அந்த நேரங்களுக்குத் தனி ஆற்றல் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் ஒரு குழுவில் எல்லோரும் அந்த நேரத்தை நம்பினால், எல்லோரும் அந்த நேரத்தில் மட்டுமே கவனமாகத் தூண்டில் போடுவார்கள், மீனும் அந்த நேரத்தில்தான் அதிகம் கிடைக்கும். நம்பிக்கை தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளும் இந்தச் சுழலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரும்பான்மையின் அழுத்தம் எவ்வளவு வலியது என்பதற்கு சாலமன் ஆஷ் என்பவர் 1950களின் தொடக்கத்தில் செய்த சோதனை நல்ல சான்று. கோடுகளில் எது சம நீளம் என்று கேட்டு, அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துத் தவறான விடையைச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகளில், கண்ணுக்கு நேராகத் தெரிந்த உண்மையை விட்டுவிட்டு மனிதர்கள் கூட்டத்தோடு போனார்கள். அதைவிட முக்கியமானது இது: அறையில் ஒரே ஒருவர் மாறுபட்டு உண்மையைச் சொன்னாலும் அந்த அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆய்வகத்துக் கோடுகளும் கலங்கிய காயலும் ஒன்றல்ல. காயலில் உண்மை கண்ணுக்கு நேராகத் தெரிவதுமில்லை, ஆகவே கூட்டத்தோடு போகும் இழுப்பு இங்கே இன்னும் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. உங்கள் குழுவில் மாறுபட்டுச் செய்யும் ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் மீன் அதிகம் பிடிக்காதவராக இருந்தாலும் சரி. ஆறு பேரும் ஒரே மாதிரி எறியும் கரையில் எதுவும் தெரியவராது. ஒருவர் வேறு ஆழத்தில், வேறு இரையோடு போட்டால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இருக்கும். இத்துடன் வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மீனோடு நிற்பவரின் படம்தான் வரும். வெறுங்கையோடு வீடு திரும்பியவர் படம் போடுவதில்லை. அதைத் தினமும் பார்ப்பவருக்கு, மற்ற எல்லோருக்கும் நாள்தோறும் மீன் கிடைக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று தோன்றும். உங்கள் மனத்தாங்கலில் ஒரு பங்கு அங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

எல்லோரும் ஒரே லூரை ஒரே தூணருகே எறிவதால் மீன் தரப்பிலும் ஒன்று நடக்கிறது. நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட சோதனைகளில், சுழலும் உலோக லூரில் ஒருமுறை சிக்கித் திரும்ப விடப்பட்ட பைக் மீன்கள் அதன்பின் அந்த லூரைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டன. உயிர் இரையைத் தவிர்க்க அதே அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. கெண்டையில் 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, தான் சிக்காமல், சிக்கிய மீனோடு சேர்ந்து இருந்த கெண்டைகளும் முள்ளைத் தவிர்க்கத் தொடங்கியதைக் காட்டியது. மீன்களுக்கும் கூட்டாளிகள் உண்டு, அவையும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. குளிர்நாட்டுக் குளத்து மீன்களில் கண்டதை முட்டுக்காட்டுக் கொடுவாவுக்கு அப்படியே சொல்லிவிட முடியாது, இங்கே ஓதத்தோடு புதிய மீன்கள் வந்துபோகவும் செய்கின்றன. ஆனாலும், குழுவோடு சேர்ந்தபின் உங்கள் மீன் எண்ணிக்கை ஏறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்: முன்பு நீங்கள் தனியாக, யாரும் போடாத இரையை, யாரும் நிற்காத நேரத்தில் போட்டீர்கள். இப்போது ஆறு பேரில் ஒருவராக, எல்லோரும் போடுவதைப் போடுகிறீர்கள்.

இங்கே உங்கள் மூத்தவரின் முகச்சுளிப்புக்கு வருகிறேன். 1977இல் ஹாப்சன் பிரையன் என்ற அமெரிக்க ஆய்வாளர் டிரவுட் மீன் பிடிப்பவர்களை ஆராய்ந்து, பொழுதுபோக்காகத் தொடங்குபவர் காலப்போக்கில் ஒரு குறிப்பிட்ட முறையில் தேர்ச்சி நோக்கிப் போகிறார் என்றும், அப்போது அவர் யாருடைய மதிப்பை நாடுகிறார் என்பது குடும்பத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் விலகி, அதே முறையில் பிடிக்கும் சகாக்களின் பக்கம் போகிறது என்றும் எழுதினார். எத்தனை மீன் என்ற கேள்வி பின்னுக்குப் போய், எப்படிப் பிடித்தோம், அந்த நீர்நிலை நலமாக இருக்கிறதா என்ற கேள்விகள் முன்னுக்கு வருகின்றன. உங்களுக்கு நடப்பதில் பாதியை இது விளக்குகிறது. ஆனால் பின்வந்த ஆய்வுகள், எல்லோரும் இப்படி ஏறிக்கொண்டே போவதில்லை, பலர் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள், சிலர் திரும்பவும் செய்கிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. தூண்டில் குழுக்களோ அதை ஓர் ஏணியாகவே நினைக்கின்றன: கீழே இறால், நடுவே லூர், மேலே ஃப்ளை (இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி). இதை நான் ஏற்கவில்லை. உயிர் இறாலை முள்ளில் உயிரோடு வைத்திருப்பது, ஓட்டத்தில் அதை இயல்பாக நகரவிடுவது, நண்டின் கிள்ளலையும் மீனின் கொத்தையும் விரலில் பிரித்தறிவது ஆகியவை எந்த லூர் வித்தைக்கும் குறைந்த கலைகள் அல்ல. முதியவரின் விரலைப் பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆயினும் அந்த மூத்தவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம். உயிர் இரையை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையிலோ குடலிலோ மாட்டும். திரும்ப விட்டாலும் அந்த மீன் பிழைப்பது கடினம். லூரில் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். மீனைத் திரும்ப விடுவது உங்கள் எண்ணம் என்றால் இது பொருட்படுத்தவேண்டிய வேறுபாடு. முனை உள்ளே வளைந்த வட்ட முள் பயன்படுத்தினால் ஆழமாக விழுங்கி மாட்டுவது குறையும். அப்படியும் விழுங்கிவிட்டால், முள்ளைத் தோண்டி எடுப்பதைவிட நரம்பை முள்ளருகே அறுத்துவிடுவது மீன் பிழைக்க நல்லது. கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், படத்துக்காக நெடுநேரம் காற்றில் வைத்திருக்காதீர்கள். கொடுவாவில் இன்னொன்றும் உண்டு: அது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை முட்டையிடும் தாய்கள், அவற்றைப் பொரித்துவிடாமல் நீரில் விடச்சொல்லும் கூட்டாளி உங்களுக்கு நல்லதையே சொல்கிறார். நடுத்தர மீன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதை யாராவது இழிவாகப் பேசினால் அதைக் காதில் வாங்கவேண்டாம். கழிவுநீர் கலந்துவரும் அடையாற்று மீனை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

உங்கள் கேள்வியில் குழுவுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதை நான் விட்டுவிட விரும்பவில்லை. அந்தத் தண்ணீரில் பிழைப்புக்காக இருப்பவர்களே நமக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த கூட்டாளிகள். முட்டுக்காட்டிலும் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் (சிறு கூடையில்) போடும் இருளர்களுக்கு, இறால் எந்த மாதம் எந்தச் சேற்றில் இருக்கும் என்பது தெரியும். இறால் இருக்கும் இடத்தில்தான் உங்கள் கொடுவாவும் இருக்கும். அவர்களிடம் இரையை நியாயமான விலைக்கு வாங்கி, இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசிப் பாருங்கள். பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற முறைப்படி, எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பது தலைமுறைகளாக முறைவைத்து வருகிறது. அங்கே விடுமுறைக்குப் போய் ராடோடு நிற்பவர் யாருடைய முறைக்குக் குறுக்கே நிற்கிறோம் என்று கேட்டுவிட்டு நிற்கவேண்டும். பெரிய குழுவாகப் போகும்போது இந்தக் கேட்கும் பழக்கம் முதலில் மறைகிறது, ஏனெனில் ஆறு பேர் சேர்ந்தால் கரை நமக்கே சொந்தம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வீச்சு வலைக்காரர் நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டி வழிவிடும் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

ஆபத்தைப் பற்றிய நம் அளவுகோலும் கூட்டத்தில் மாறுகிறது, இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். கோவளத்திலும் வடசென்னையிலும் தூண்டில் வளைவுகளின் (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்சுவர்களின்) பாசி படிந்த பாறைகளில், தனியாக இருந்தால் கால் வைக்கவே தயங்குபவர், மூன்று பேர் முன்னால் நின்றால் நான்காவதாகப் போய் நிற்பார். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலிலிருந்து பெரும் அலைகள் வந்து மோதக்கூடும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்தக் கள்ளக்கடல் அலைகளுக்கு முன்னெச்சரிக்கை தருகிறது, கிளம்பும் முன் அதைப் பாருங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். வடகிழக்குப் பருவமழையிலும் கோடை இடியிலும் முதல் இடியோசை கேட்டவுடன் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறவேண்டும். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கும்போது முதல் ஆளாக எழுந்து போகும் கூட்டாளியைக் கோழை என்று நினைக்காமல், அவரோடு நீங்களும் எழுந்துவிடுங்கள்.

ஆகவே, விலகவேண்டாம். ஆனால் மாதத்தில் ஓரிரு முறையாவது பழையபடி தனியாகப் போங்கள், குழு போகாத நேரத்தில், உங்கள் கைத்தூண்டிலோடு. அப்போது உங்களையறியாமல் எதைச் செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். குழுவிடம் கற்றதில் யாரும் பார்க்காதபோதும் உங்கள் கை செய்வது எதுவோ அது உங்களுடையதாகிவிட்டது. யாராவது பார்த்தால் மட்டும் செய்யத் தோன்றுவது எதுவோ அதைப் பற்றி யோசியுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா, ஓட்டம் எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம், இரை, எந்தத் தூண் என்று எழுதுங்கள். மீன் கிடைக்காத நாளையும் அவசியம் எழுதுங்கள். மழைக்காலமும் கோடையும் ஒருமுறை சுற்றி வந்தபின் தான் அந்த நோட்டு ஏதேனும் சொல்லத் தொடங்கும். சில மாதக் கணக்கை வைத்து முன்பைவிடக் கூடவா குறைவா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, பருவமே அதற்குள் மாறியிருக்கும்.

மூத்தவரிடம் வாதம் செய்யவேண்டாம். அடுத்த முறை போகும்போது, “அண்ணா, நீங்க லூர் போடுங்க, நான் இறால் போடறேன், ஒரே தூணுக்கு ரெண்டு பக்கமும் பாத்துடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். முள் வட்ட முள்ளாக இருக்கட்டும், அவர் கண்ணில் படும்படி இறாலை அதில் கோத்துவிடுங்கள். ஓட்டம் ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே பாதி நேரத்தில் இருவரும் பக்கம் மாறிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதுங்குமிடம் ஒருவருக்கு மட்டுமே கிடைத்துவிடும், ஒப்பீடும் நியாயமாக இருக்காது.